கிடாவை வாங்குமுன் அதன் பெற்றோரைக் கேளுங்கள்: உறவுக்குள் இணைசேர்ப்பும் ஆண் விலங்கின் இனப்பெருக்கத் திறனும்

வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை, மணலி புதுநகர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் வீட்டுக்குப் பின்புறமோ தெருவோரமோ தகரக் கொட்டகை போட்டுப் பத்து, இருபது ஆடுகள் வளர்க்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. இத்தகைய சிறு மந்தைகள் பலவற்றில் பொலிகிடாவை, அதாவது இணைசேர்ப்புக்கென வைத்திருக்கும் கிடாவை, வெளியிலிருந்து வாங்குவதில்லை. கொட்டகையிலேயே பிறந்து, பார்வைக்கு வாட்டசாட்டமாக இருந்த ஒரு கிடாக்குட்டியைக் காயடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அது வளர்ந்து முதலில் தன் தாயையும் உடன்பிறந்தவற்றையும், பின்னர் தன் மகள்களையும் சேர்கிறது. சில ஆண்டுகளில், பருவத்துக்கு வந்து கிடா சேர்ந்த பிறகும் சினை நிற்காத ஆடுகள் கூடிக்கொண்டே போகின்றன. அப்போது பழி பெட்டை ஆட்டின்மீது விழுகிறது, அது கறிக்கடைக்குப் போகிறது, கிடா மட்டும் அதே கயிற்றில் நிற்கிறது.

குறை கிடாவிடம் இருக்கிறதா, அந்தக் குறைக்கு உறவுக்குள் இணைசேர்ந்ததுதான் காரணமா, அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்பதை வீட்டளவிலேயே பெரும்பாலும் கண்டறிந்துவிடலாம். அதற்கான வழிமுறை கீழே உள்ளது. ஆட்டை மையமாக வைத்து எழுதினாலும், மாடு, நாய் உள்ளிட்ட பிற பாலூட்டிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

இரண்டு கெடுதல்களைப் பிரித்துப் பாருங்கள்

உறவுக்குள் இணைசேர்ப்பதால் இரண்டு கெடுதல்கள் வருகின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான இடத்தில் தீர்வு தேடுகிறார்கள்.

முதலாவது, இன்று சேர்க்கும் கிடாவும் பெட்டையும் உறவாக இருந்தால் அவற்றுக்கு உருவாகும் குட்டிக்கு வரும் கெடுதல். கரு தொடக்கத்திலேயே அழிவது, குட்டி எடை குறைந்து பிறப்பது, பிறந்த சில வாரங்களில் இறப்பது ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, கிடாவின் விந்திலேயே உள்ள கெடுதல். இதற்கும் இன்று அது எந்தப் பெட்டையைச் சேர்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. அந்தக் கிடாவின் தாயும் தந்தையும் உறவாக இருந்தார்களா என்பதுதான் இங்கே கேள்வி. உறவுக்குள் பிறந்த கிடாவை முற்றிலும் அயலான பெட்டையுடன் சேர்த்தாலும் அதன் விந்தணுக்களின் தரம் உயர்ந்துவிடாது. எனவே கிடா வாங்கும்போது, இது நம் ஆடுகளுக்கு உறவா என்று மட்டும் கேட்டால் போதாது. இதன் தாயும் தந்தையும் ஒன்றுக்கொன்று உறவா என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் அநேகமாக யாரும் கேட்பதில்லை.

காரணம் இதுதான். ஆடு, மாடு போன்ற பாலூட்டிகளின் உடலில் பெரும்பாலான மரபணுக்கள் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பிரதிகளாக இருக்கின்றன. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றொன்று பெரும்பாலும் வேலையைச் செய்துவிடும். பெற்றோர் இருவரும் ஒரே முன்னோரின் வழிவந்தவர்களானால், அந்த முன்னோரிடமிருந்த ஒரே பழுதான பிரதி இரு வழியாகவும் வந்து குட்டியிடம் சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு. விந்தணு உருவாவது மிக நுட்பமான பணி. உடலின் மற்ற உறுப்புகளைவிட விரையில் மிக அதிகமான மரபணுக்கள் செயல்படுகின்றன. ஆகவே ஆங்காங்கே சிறுசிறு பழுதுகள் சேரும்போது அதன் விளைவு இங்கே எளிதில் வெளிப்படுகிறது. விந்தணுவின் எண்ணிக்கை குறைவது, தலை வடிவம் பிறழ்வது, வால் சுருண்டுபோவது, நீந்தும் வேகம் குறைவது, முட்டையைத் துளைக்க உதவும், விந்தணுத் தலையின் மேல் உள்ள மூடி சரியாக அமையாதது எனப் பல குறைகள் ஒன்றாகக் காணப்படும். விரை சிறுத்திருப்பதும், ஒரு விரை கீழிறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு.

காட்டு விலங்குகள் காட்டிய உண்மை

இதை முதலில் தெளிவாக வெளிக்கொண்டு வந்தவை பெரும்பாலும் காட்டுப் பூனையினங்கள்தாம். 1983-இல் வெளியான ஆய்வுகள், சிறுத்தையினும் வேகமாக ஓடும் ஆப்பிரிக்கச் சீட்டாக்களின் விந்தணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் வடிவம் பிறழ்ந்தவை என்று காட்டின. ஒப்பிடப்பட்ட வீட்டுப் பூனையில் இது 30 சதவீதத்துக்கும் குறைவு. அடுத்து 1987-இல் மூன்று சிங்கக் கூட்டங்கள் ஒப்பிடப்பட்டன. தான்சானியாவின் பரந்த செரங்கெட்டி சமவெளியில் வாழும் சிங்கங்களில் பிறழ்ந்த விந்தணுக்கள் ஏறத்தாழ 25 சதவீதம். பக்கத்திலேயே இருக்கும் நிகோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில், 1962-இல் கடி ஈக்களின் பெருக்கத்தால் சிங்கங்கள் ஏறக்குறைய ஒரு டஜனாகக் குறைந்து, அந்தச் சிலவற்றிலிருந்தே மீண்டும் பெருகியவை; அங்கே ஏறத்தாழ 50 சதவீதம். நம் குஜராத்தின் கிர் சிங்கங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்து மீண்டவை. அவற்றில் ஏறத்தாழ 66 சதவீதம். கிர் சிங்கங்களின் ஆண்மை இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனும் குறைவாக இருந்தது. கூட்டம் எவ்வளவு நெருங்கிய உறவுக்குள் அடைபட்டிருந்ததோ அவ்வளவுக்கு விந்தின் தரம் தாழ்ந்திருந்தது.

இதைக் கேட்டவுடன் ஒரு நியாயமான ஐயம் எழும். கிர் சிங்கங்கள் 2025 கணக்கெடுப்பில் 891 ஆக உயர்ந்துள்ளனவே, விந்து கெட்டிருந்தால் எப்படிப் பெருகின? சிங்கம், பெண் சிங்கம் பருவத்தில் இருக்கும் சில நாட்களில் மிகப் பல முறை இணைசேரும். ஒவ்வொரு முறையும் விந்து தரம் குறைந்திருந்தாலும் எண்ணிக்கை ஈடுசெய்துவிடுகிறது. வேட்டையிலிருந்து கிடைத்த பாதுகாப்பும் பெருக்கத்துக்குத் துணை நின்றது. ஆனால் ஒரே வாரத்தில் ஏழெட்டு ஆடுகள் பருவத்துக்கு வரும் கொட்டகையில் ஒற்றைக் கிடாவுக்கு அந்த உபரி கிடையாது. விந்தின் தரம் சற்றுக் குறைந்தாலும் முதல் இரண்டு ஆடுகள் சினையாகி, மற்றவை மீண்டும் பருவத்துக்கு வந்துவிடும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து மலைச்சிங்கங்களின் கதையை ஆடு வளர்ப்பவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அவை இருபது, முப்பது மட்டுமே எஞ்சியிருந்தன. ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு ஒரு விரையோ இரண்டுமோ கீழிறங்கவில்லை. விந்தணுக்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பிறழ்ந்திருந்தன. வால் நுனி வளைவும் இதயக் குறைபாடும் பரவலாக இருந்தன. 1995-இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் மலைச்சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் 5 மட்டுமே குட்டி ஈன்றன. அந்த ஐந்தின் வழிவந்த சந்ததியில் விரை இறங்காத குறை வெகுவாகக் குறைந்தது, விந்தின் தரம் உயர்ந்தது, எண்ணிக்கை மூன்று மடங்காயிற்று. பல தலைமுறைகளாகச் சேர்ந்த கெடுதலை அயல் ரத்தம் ஒரே தலைமுறையில் பெருமளவு மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வீட்டு விலங்குகளிலும் இதே போக்குத்தான். நெதர்லாந்தில் 200-க்கும் மேற்பட்ட ஷெட்லாந்து மட்டக்குதிரை ஆண்களை ஆராய்ந்தபோது, உட்கலப்பு அளவு (பெற்றோரின் உறவால் ஒரே முன்னோரின் ஒரே மரபணுப் பிரதி இரு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு) 2 சதவீதத்தைத் தாண்டியவற்றிலேயே நீந்தும் விந்தணுக்களும் சரியான வடிவமுள்ளவையும் குறைந்திருந்தன. ஒரு கொட்டகையில் தந்தையும் மகளும் சேர்ந்தால் வரும் அளவு 25 சதவீதம் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் வளர்க்கிறோம், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. இங்கிலாந்தின் சில்லிங்கம் காட்டு மாடுகள் சில நூற்றாண்டுகளாக வெளிரத்தம் கலக்காமலே வாழ்கின்றன, 1947-இன் கடும் பனிக்காலத்தில் 13 ஆகக் குறைந்த பின்னும் மீண்டன என்பது உண்மையே. ஆனால் அப்படி மீண்ட மந்தையைத்தான் நாம் காண்கிறோம். அதே வழியில் போய் அழிந்த மந்தைகளைக் கணக்கில் காட்ட யாரும் மிஞ்சுவதில்லை. பத்து ஆட்டை நம்பிப் பள்ளிக் கட்டணம் கட்டும் குடும்பம் அந்தப் பரீட்சையில் இறங்குவது சரியென்று நான் நினைக்கவில்லை.

உட்கலப்பு அளவை நீங்களே கணக்கிடுதல்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு ஆட்டுக்கும் தாய், தந்தை, பிறந்த மாதம் மூன்றையும் எழுதுங்கள். கிடாவின் அளவைக் கணக்கிட, அதன் தந்தையில் தொடங்கி, இரு பக்கத்துக்கும் பொதுவான முன்னோர்வரை மேலேறி, பின் தாய்வரை கீழிறங்குங்கள். அந்த வழியில் வரும் விலங்குகளை, பெற்றோர் இருவரையும் சேர்த்து, எண்ணுங்கள். எத்தனை விலங்குகளோ அத்தனை முறை ஒன்றைப் பாதியாக்குங்கள். பொது முன்னோர் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு வழிக்கும் தனியாகக் கண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

கிடாவின் தந்தையும் தாயும் ஒரே கிடாவுக்கு வெவ்வேறு தாய் வயிற்றில் பிறந்தவை என்று வைத்துக்கொள்வோம். தந்தை, பொதுத் தாத்தா, தாய் என மூன்று விலங்குகள். மும்முறை பாதியாக்கினால் எட்டில் ஒன்று, அதாவது 12.5 சதவீதம். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்புகள் என்றால் இரு வழிகள் சேர்ந்து 25 சதவீதம். தந்தையும் மகளும், அல்லது தாயும் மகனும் சேர்ந்திருந்தால் வழியில் இரண்டே விலங்குகள்; அதுவும் 25 சதவீதம். தந்தையும் மகளும் சேர்ந்து பிறந்த கிடா, அதே பெற்றோருக்குப் பிறந்த தன் சகோதரியைச் சேர்ந்தால் குட்டியின் அளவு 37.5 சதவீதம் ஆகிவிடும். நான் வைத்துக்கொள்ளும் எல்லை 6.25 சதவீதம். பெரியப்பா, சித்தப்பா மக்கள் உறவில் பிறப்பதற்கு இணையானது அது. அதற்கு மேற்பட்ட கிடாவை இணைசேர்ப்புக்கு வைக்க வேண்டாம்.

இந்தக் கணக்கு சொல்லும் நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 25 சதவீதம் உட்கலப்புள்ள கிடாவே ஆனாலும், முற்றிலும் உறவில்லாத பெட்டைக்கு அது தரும் குட்டியின் அளவு சுழியம்தான். அதுபோலவே உங்கள் பெட்டைகள் உறவுக்குள் பிறந்தவையாக இருந்தாலும், அயல் கிடாவுக்கு அவை போடும் குட்டிகளுக்கு அந்தச் சுமை இல்லை. மந்தை முழுவதையும் விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டிய தேவை இல்லை.

கிடாவைப் பரிசோதித்தல்

ஏறுவதை வைத்துக் கிடாவை நம்பாதீர்கள். இரு விரைகளும் வயிற்றுக்குள் தங்கிய கிடாவும் ஆர்வமாக ஏறும். அதனால் ஒரு குட்டிகூடப் பிறக்காது.

காலையில் வெயில் ஏறுமுன், கிடாவை நிற்க வைத்துப் பின்னாலிருந்து விரைப்பையைக் கையால் தடவிப் பாருங்கள். இரண்டு விரைகளும் ஏறக்குறைய ஒரே அளவில், கெட்டியாக, பைக்குள் தாராளமாக நகரும்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு விரையின் அடியிலும் விந்தைச் சேமித்து வைக்கும் எபிடிடிமிஸ் என்ற பகுதி ஒரு சிறு முடிச்சாகக் கைக்குத் தட்டுப்படும். அது தளர்ந்து சப்பையாக இருந்தாலோ, கல்லைப்போல் இறுகியிருந்தாலோ, தொட்டவுடன் கிடா வலியால் துள்ளினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். தையற்காரர் நாடாவால் பையின் மிக அகன்ற இடத்தைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். ஒரே வயதும் எடையும் உள்ள கிடாக்களில் அளவு கூடியதையே தேர்ந்தெடுங்கள்.

ஒரு விரை மட்டும் இறங்கிய கிடாவால் சினை பிடிக்கும் என்பதற்காக அதை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் குறை மரபில் தொடர்வது. அதன் தாயும் சகோதரிகளும்கூட வெளியே தெரியாமல் அதைச் சுமந்திருக்கலாம். அந்தப் பெட்டைகளை அயல் கிடாவுக்கு மட்டுமே விடுங்கள்.

அடுத்தது சேர்ப்புச் சோதனை. இதற்கு முன் ஒழுங்காக ஈன்ற ஐந்தாறு பெட்டைகளை அந்தக் கிடாவுக்கு விட்டு, சேர்ந்த தேதியை எழுதுங்கள். 18 முதல் 24 நாட்களுக்குள் பாதிக்கு மேற்பட்டவை மீண்டும் பருவத்துக்கு வந்து, பிறகு வேறு கிடாவுக்குச் சினை நின்றால், குறை பெட்டையிடம் இல்லை. விந்துப் பரிசோதனையும் செய்துகொள்ள முடிந்தால் மிக நல்லது. வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும், மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் வடசென்னைக்காரர்களுக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளன. கிடாவைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றுமுன் பரிசோதனை நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெயிலா, நோயா, உறவா?

விந்து கெடுவதற்கு உட்கலப்பு மட்டுமே காரணமல்ல. சென்னையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெயிலைத்தான். விரை உடலைவிடச் சில பாகை குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். அக்கினி நட்சத்திரத்தின்போது தகரக் கூரையின் கீழ் கட்டப்பட்ட கிடாவுக்கு அது கிடைப்பதில்லை. ஆட்டில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 48 நாட்களும், அது முதிர்ந்து வெளிவர மேலும் ஒன்றரை, இரண்டு வாரங்களும் ஆகும். ஆகவே மே மாத வெயிலின் பாதிப்பு ஜூலைவரை தெரியும். இதுவே இரண்டையும் பிரித்தறியும் வழியும் ஆகும். கிடாவை நிழலில், காற்றோட்டமான இடத்தில், கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி, நல்ல தீவனமும் தண்ணீரும் கொடுத்து 60 முதல் 70 நாட்கள் வைத்திருந்து மீண்டும் பரிசோதியுங்கள். தேறிவிட்டால் வெயிலோ ஊட்டக்குறைவோ காரணம். நல்ல பருவத்திலும் தேறாமல், பெற்றோரும் உறவென்று நோட்டு சொன்னால், உட்கலப்பைச் சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு.

விரை வீக்கம், காய்ச்சல், மந்தையில் கருச்சிதைவு ஆகியவை சேர்ந்து தெரிந்தால் புருசெல்லோசிஸ் நோயை நினைத்துக்கொள்ளுங்கள். இது மனிதருக்கும் தொற்றும். சிதைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், உடனே ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

கொம்பில்லாத ஆடுகள் தனி விஷயம். கொம்பில்லாத கிடாவையும் கொம்பில்லாத பெட்டையையும் சேர்த்தால், ஆணும் பெண்ணும் அல்லாத மலட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. ஒரே ஒரு மரபுப் பகுதி காரணமான குறை இது. உறவில்லாத ஆடுகளிடையேயும் வரும். சேர்ப்பில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

புதிய கிடாவைக் கொண்டுவருதல்

பக்கத்துத் தெருவிலிருந்து கிடா வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பேட்டையில் நன்றாக இருந்த ஒரு கிடாவின் குட்டிகளே பல வீடுகளுக்கும் போயிருக்கும். உரிமையாளர் வேறாக இருந்தாலும் ரத்தம் ஒன்றாகவே இருக்கும். பொன்னேரி, ஊத்துக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில், பெரிய மந்தை வைத்திருப்பவரிடம் நேரில் போய், குட்டியின் தாயையும் தந்தையையும் கண்ணால் பார்த்து வாங்குவதே சிறந்தது. தாய் ஒழுங்காக ஈன்றதா, தந்தைக் கிடா எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்கு வெளியூர்களிலிருந்து வரும் கிடாக்களில் உறவு இருக்க வாய்ப்புக் குறைவுதான். ஆனால் அவற்றின் பெற்றோர் யாரென்று யாராலும் சொல்ல முடியாது, பல ஊர் ஆடுகள் கூடும் இடத்தில் நோயும் கூடும் என்பதால் இணைசேர்ப்புக்கு அங்கிருந்து வாங்குவதைத் தவிர்க்கச் சொல்வேன்.

எங்கிருந்து வந்தாலும் புதிய கிடாவை மூன்று, நான்கு வாரங்கள் தனியாகக் கட்டி, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்டு, புருசெல்லோசிஸ் பரிசோதனையும் முடித்த பிறகே மந்தையோடு விடுங்கள். நன்கு வளர்ந்த ஒரு கிடாவுக்கு 20 முதல் 25 பெட்டைகள் போதும். அதே நேரத்தில், கொட்டகையில் உள்ள கிடாக்குட்டிகளை மூன்று மாதம் முடிந்ததும் பிரித்துவிடுங்கள் அல்லது காயடித்துவிடுங்கள். நான்கைந்து மாதக் குட்டியே தாயைச் சினைப்படுத்திவிடும். நல்ல கிடா வாங்கிய செலவு அதனால் வீணாகும்.

மாடு வைத்திருப்பவர்களுக்குச் செயற்கை முறைக் கருவூட்டலில் ஒரு வசதி உண்டு. விந்துக் குச்சியின்மேல் காளையின் எண் அச்சிடப்பட்டிருக்கும். கருவூட்டுபவரிடம் அந்த எண்ணைக் கேட்டு, பசுவின் காதுத்தோட்டில் உள்ள 12 இலக்க எண்ணுக்கு எதிரே எழுதிவையுங்கள். கன்று வளர்ந்து பருவத்துக்கு வரும்போது அதே காளையின் குச்சியைத் தவிர்க்கச் சொல்லலாம். வெளிநாட்டுக் கறவை இனமான ஹோல்ஸ்டீனில், வட அமெரிக்காவில் செயற்கைக் கருவூட்டலுக்குப் பயன்படும் காளைகள் ஏறக்குறைய அனைத்தின் ஆண்வழியும் 1960-களில் பிறந்த இரண்டு காளைகளில் போய் முடிகிறது என்பதால், கலப்பினப் பசுக்களில் இந்தக் கவனம் கூடுதலாகவே தேவை. ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவர்கள் சான்றிதழில் மூன்று தலைமுறைப் பெயர்களை ஒப்பிட்டு, இரு பக்கமும் ஒரே பெயர் வந்தால் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒற்றை விரை நாயை இணைசேர்ப்புக்கு விடவே கூடாது.

புதிய கிடா சேர்ந்த ஆடுகள் மூன்று வாரத்தில் பருவத்துக்குத் திரும்பாவிட்டால் சினை நின்றிருக்க வாய்ப்பு அதிகம். ஏறத்தாழ 150 நாட்களில் ஈனும். அந்தப் பெட்டைக்குட்டிகள் ஏழெட்டு மாதத்திலேயே பருவத்துக்கு வரத் தொடங்கும். அதற்குள் அவற்றின் தந்தையைத் தனியே கட்டிவிட வேண்டும், அல்லது வேறு ஊர் மந்தைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே கிடா வந்த நாளை நோட்டில் எழுதும்போதே, அதன் முதல் மகள்கள் பருவத்துக்கு வரக்கூடிய மாதத்தையும் கணக்கிட்டு, அதே வரியில் எழுதி வையுங்கள்.